ப்ராம் கோர்ட் தேர்தல்: கேள்விகளும் பதில்களும்

பனி உருகி வசந்தம் எட்டிப் பார்க்கும் இந்த வாரங்களில் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் நடன விருந்தான ப்ராம் பற்றியவை. உடை எங்கே வாங்குவது, இரவு எத்தனை மணி வரை அனுமதிப்பது என்பவற்றுக்குச் சென்ற ஆண்டே விரிவாக எழுதிவிட்டேன். இம்முறை ப்ராம் கோர்ட் தேர்தல் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க அரசுப் பள்ளி ஒன்றில் 26 ஆண்டுகள் கணிதம் கற்பித்து, அவற்றுள் 11 ஆண்டுகள் ஜூனியர் வகுப்பின் (அதாவது 11ஆம் வகுப்பின்) ஆலோசக ஆசிரியையாக இருந்து இந்தத் தேர்தலை நடத்தியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

கேள்வி: மதுரையிலிருந்து இங்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. 11ஆம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பள்ளியிலிருந்து, ப்ராம் கோர்ட் தேர்தலுக்கு உதவ வருமாறு அழைப்பு வந்திருக்கிறது. கோர்ட் என்றதும் நீதிமன்றம் என்றே நினைத்தேன். அது என்ன, அதற்கு எதற்குத் தேர்தல்?
— ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: இங்கே கோர்ட் என்பதற்கு அரசவை என்று பொருள், சகோதரி. ராஜா, ராணி, சில பள்ளிகளில் இளவரசன், இளவரசி என்று மாணவர்கள் தங்களுக்குள்ளேயே சிலரைத் தேர்ந்தெடுத்து, ப்ராம் இரவில் மேடையேற்றி, தலையில் கிரீடமும் தோளில் பட்டையும் அணிவிக்கும் வழக்கத்தைத்தான் அப்படி அழைக்கிறார்கள். ப்ராம் என்ற பெயரே, விருந்தினர் இணை இணையாக உலா வருவதைக் குறிக்கும் ‘பிராமனேட்’ என்ற சொல்லின் சுருக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடகிழக்கு மாநிலங்களின் கல்லூரிகளில் நடந்துவந்த நடன விருந்து, 20ஆம் நூற்றாண்டில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்து அங்கேயே நிலைத்துவிட்டது. பல பள்ளிகளில் ஜூனியர் வகுப்பு ஆண்டு முழுவதும் பணம் திரட்டி ஏற்பாடு செய்யும். விடைபெற்றுப் போகும் சீனியர்களுக்கே, அதாவது 12ஆம் வகுப்பினருக்கே, அன்றைய முதல் மரியாதை. உங்கள் மகள் 11ஆம் வகுப்பில் இருப்பதால்தான் உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இலையுதிர் காலத்தில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை ஒட்டி நடக்கும் ஹோம்கமிங் விழாவுக்கும் இதேபோல ஒரு கோர்ட் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிரீடம் பெறுபவருக்கு எந்த அதிகாரமும் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றின் பெயர் பள்ளி முழுவதற்கும் முன்னால் வைக்கப்பட்டு, ‘இவரை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்று வெளிப்படையாகக் கேட்கப்படுகிறது. மாணவர் மன்றத் தேர்தலிலாவது திட்டம், திறமை என்று பேசுவதற்கு ஏதாவது இருக்கும். இங்கே ஆள் மட்டுமே இருக்கிறார். அதனால்தான் இந்தத் தேர்தலை மற்றவற்றைவிடக் கவனமாக நடத்த வேண்டும் என்று நான் சொல்கிறேன். தயங்காமல் உதவப் போங்கள்.

கேள்வி: வணக்கம் டீச்சர். எங்கள் பள்ளியின் ஜூனியர் வகுப்புக்கு நான்தான் செயலாளர். இந்த ஆண்டு கோர்ட் தேர்தல் முழுவதையும் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு நடத்திய அண்ணன் கல்லூரிக்குப் போய்விட்டார். ஒரு குறிப்புகூட விட்டுச் செல்லவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு மாணவர், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: தம்பி, குறிப்பில்லாமல் தொடங்க நேர்ந்ததே உனக்கு ஒரு பாடம். நீ செய்யும் ஒவ்வொன்றையும் எழுதி வை. அடுத்த ஆண்டு வருபவன் உன்னைப் போலத் தவிக்க வேண்டியதில்லை.

முதலில் விதிகள். யார் முன்மொழியலாம், யார் வாக்களிக்கலாம், எத்தனை பேர் இறுதிப் பட்டியலில் இடம்பெறுவார்கள், சமநிலை ஏற்பட்டால் என்ன செய்வது, யார் எண்ணுவது ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, ஆலோசக ஆசிரியரிடமும் பிரின்சிபலிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு பெயர்கூட வருவதற்கு முன்பே மாணவர் அனைவருக்கும் அனுப்பிவிடு. பெயர்கள் வந்தபிறகு எழுதப்படும் விதி எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அது யாரோ ஒருவருக்காக எழுதப்பட்டது என்றே பேசப்படும். சமநிலை பற்றிய விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; ப்ராமுக்கு இரண்டு நாள் முன்னால் இரண்டு பேர் ஒரே எண்ணிக்கையில் நிற்கும்போது தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் கிரீடம் என்று முன்பே எழுதிவிட்டால் கூடுதலாக ஒரு கிரீடம் வாங்கும் செலவோடு அந்தப் பிரச்சினை முடிந்துவிடும்.

அடுத்தது நாட்காட்டி. ப்ராம் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணு. ஆறு வாரம் இருந்தால் பதற்றமின்றி நடத்தலாம்: விதிகளுக்கு ஒரு வாரம், முன்மொழிவுக்கு ஒரு வாரம், சம்மதம் பெறவும் தகுதி பார்க்கவும் ஒரு வாரம் முழுமையாக, பிறகு வாக்களிப்புக்கு இரண்டு அல்லது மூன்று பள்ளி நாட்கள். எஞ்சிய காலத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள். ஒரு முறை திரும்ப நடத்த நேர்ந்தாலும் அது போதும். மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள், கல்லூரி நிலைப் பாடங்களுக்கான ஏபி தேர்வுகளுக்கு உரியவை. அந்த நாட்களில் வாக்களிப்பு வைத்தால் சீனியர்களில் பாதிப் பேர் தேர்வறையில் இருப்பார்கள்.

வாக்களிப்பது யார் என்பதில் பள்ளிக்குப் பள்ளி வழக்கம் மாறும். சீனியர் கோர்ட்டுக்குச் சீனியர்கள் மட்டும் வாக்களிப்பதே முறை என்பது என் கருத்து. நான்கு ஆண்டுகள் உடன் படித்தவர்களுக்குத்தான், கூடம் துடைக்கும் ஊழியரின் பெயரைத் தெரிந்துவைத்து நாள்தோறும் வணக்கம் சொல்பவன் யார் என்பது தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் பார்த்த முகத்துக்கே வாக்களிப்பார்கள். ப்ராம் வாசலில் நுழைவுச்சீட்டைக் காட்டும்போது வாக்குச்சீட்டு கொடுக்கும் வழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. அங்கே இருட்டும் இசையும் அவசரமும் இருக்கும். எண்ணுவதற்கு அரை மணி நேரமும் கிடைக்காது.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். முன்மொழியப்பட்ட ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, ‘உன் பெயர் வந்திருக்கிறது, பட்டியலில் இடம்பெற உனக்கு விருப்பமா?’ என்று கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு பெயரைக்கூட வாக்குச்சீட்டில் ஏற்றாதே. கேட்பவர் ஆசிரியராக இருக்க வேண்டும். நண்பர்கள் சூழ்ந்து நிற்கும் மதிய உணவுக் கூடத்தில் கேட்கக் கூடாது. யோசிக்க ஒரு நாள் கொடுக்க வேண்டும். மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவர் மறுத்தார் என்பதும் வெளியே போகக் கூடாது. நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் இது என் புத்திக்கு எட்டவில்லை. பட்டியலைச் சுவரில் ஒட்டியபிறகு ஒரு மாணவி என் வகுப்பறைக்கு வந்து, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, ‘என் பெயரை எடுத்துவிட முடியுமா? ப்ராம் அன்று இரவு எனக்கு வேலை இருக்கிறது’ என்றாள். அவள் ஒரு மளிகைக் கடையில் மாலை நேரக் காசாளர். அந்தச் சம்பளம் அவள் வீட்டு வாடகையில் சேர்ந்தது. பெயரை எடுத்தேன். ஆனால் பட்டியலில் அடித்துவிட்ட அந்த ஒரு வரியைப் பார்த்து ஊரே காரணம் கேட்டது. அடுத்த ஆண்டே சம்மதச் சீட்டு அச்சடித்தேன்.

கேள்வி: கூகுள் ஃபார்ம் வைத்து நடத்திவிடலாம் என்கிறார்கள் பிள்ளைகள். காகிதச் சீட்டுதான் நம்பகமானது என்கிறார் ஒரு மூத்த ஆசிரியர். எதைத் தேர்ந்தெடுப்பது?
— பெற்றோர் சங்க உறுப்பினர், நேப்பர்வில், இல்லினாய்

பதில்: இரண்டிலும் ஏமாற்ற முடியும், இரண்டையும் ஒழுங்காகவும் நடத்த முடியும்.

கணினித் தேர்தல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஃபுளோரிடாவில் நடந்ததைச் சொல்கிறேன். பென்சகோலா பகுதியில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் 2020 அக்டோபரில் ஹோம்கமிங் கோர்ட் தேர்தல் இணையவழியாக நடந்தது. குறுகிய நேரத்துக்குள் ஒரே இணைய முகவரியிலிருந்து 117 வாக்குகள் பதிவானதைத் தேர்தல் செயலியே கண்டுபிடித்துச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. ஒரு மாணவியும், அதே கல்வி மாவட்டத்தில் தொடக்கப் பள்ளித் துணை முதல்வராக இருந்த அவருடைய தாயும், மாவட்டத்தின் மாணவர் தகவல் அமைப்புக்குள் தாயின் கணக்கு வழியாக நுழைந்து மற்றப் பிள்ளைகளின் பெயரில் வாக்களித்தார்கள் என்று மாநிலச் சட்ட அமலாக்கத் துறை குற்றஞ்சாட்டி, 2021 மார்ச்சில் இருவரையும் கைதுசெய்தது. ஒரு கிரீடத்துக்காக எழுந்த வழக்கு இது. மாணவர் எண், பிறந்த தேதி போன்றவை இரகசியங்கள் அல்ல, அவற்றைத் தெரிந்துகொள்ளப் பலருக்கு வழி இருக்கிறது. ஆகவே அவற்றை மட்டுமே அடையாளமாகக் கொண்டு யாரையும் வாக்களிக்க விடக் கூடாது.

கூகுள் ஃபார்ம் என்றால், பள்ளி மின்னஞ்சல் கணக்கில் உள்நுழைந்தவர்கள் மட்டுமே திறக்கும்படியும் ஒருவர் ஒருமுறை மட்டுமே அனுப்பும்படியும் அமையுங்கள். படிவம் ஆலோசக ஆசிரியரின் கணக்கில் இருக்க வேண்டும், மாணவரின் கணக்கில் இருக்கக் கூடாது. முடிவுகளின் சுருக்கத்தை வாக்களித்தவர் பார்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் நாள் மாலையே யார் முந்துகிறார்கள் என்ற செய்தி பரவி, மறுநாள் வாக்களிப்பவர் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுவார். பெயர்களின் வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றிக் காட்டும் வசதியும் உண்டு. பட்டியலில் முதலில் இருக்கும் பெயருக்குச் சும்மாவே சில வாக்குகள் விழும் என்பதால் அதையும் போட்டுவிடுங்கள். ஆனால் யார் எவருக்கு வாக்களித்தார் என்பது ஆசிரியருக்குத் தெரியும் வகையில் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்காதீர்கள். ஒருவர் ஒருமுறை என்ற கட்டுப்பாடு முகவரியைச் சேகரிக்காமலே செயல்படும்.

காகிதத்தில் ஏமாற்று நடக்காது என்று நினைப்பவருக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஓராண்டு நூலகத்தின் பின்மேசையில் சீட்டுகளைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தோம். ஊதா நிற ஜெல் பேனாவால் குறியிட்ட சீட்டு ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. கவனிக்கத் தொடங்கியபின், அதே ஊதா மையில், அதே போல இரண்டாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்த சீட்டுகள் மொத்தம் 31 கிடைத்தன. அத்தனையும் ஒரே பெயருக்கு. பெட்டிக்குப் பக்கத்தில் சீட்டுக் கட்டை வைத்துவிட்டு நாங்கள் காவல் காக்க மறந்திருந்தோம்; எத்தனை சீட்டு அச்சடித்தோம் என்ற கணக்கும் எங்களிடம் இல்லை. அந்தத் தேர்தலை ரத்துசெய்து மறுபடி நடத்தினோம். மறுதேர்தலில், அந்த 31 சீட்டுகளில் பெயர் இருந்த பையனே தெளிவாக வென்றான். அவனுக்கு அந்தச் சூழ்ச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் முறையே ஒழுங்காக நடத்தியிருந்தால் அவன் மீது ஒரு நாள்கூட யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

எனவே காகிதம் என்றால், அச்சடித்த சீட்டை எண்ணுங்கள், பெயர்ப்பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒன்று கொடுங்கள், மாலையில் பெட்டிக்குள் உள்ளவையும் மீந்தவையும் சேர்ந்து சரியாக வருகிறதா என்று பாருங்கள். எண்ணுபவர் குறைந்தது இரண்டு பெரியவர்களாக இருக்கட்டும். பட்டியலில் உள்ள எந்தப் பிள்ளைக்கும் அவர்கள் பெற்றோராகவோ பயிற்சியாளராகவோ இருக்கக் கூடாது.

கேள்வி: என் மகள் கூச்ச சுபாவம் உள்ளவள். சில பிள்ளைகள் கேலிக்காக அவள் பெயரை முன்மொழிந்து, நண்பர்களைக் கொண்டு வாக்கும் போட வைத்து, இறுதிப் பட்டியல் வரை கொண்டுவந்துவிட்டார்கள். அவளுக்கு நேற்றுத்தான் உண்மை தெரிந்தது. அறையை விட்டு வெளியே வர மறுக்கிறாள். விலகச் சொல்வதா, நிற்கச் சொல்வதா?
— ஒரு தாய், கேரி, வட கரோலினா

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தேன், அம்மா. முதலில் மகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: அவமானம் அவளுடையது அன்று, அவள் பெயரை எழுதியவர்களுடையது.

இதேபோன்ற ஒரு நிகழ்ச்சி 2012இல் மிச்சிகன் மாநிலத்தில் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூரில் நடந்தது. ஹோம்கமிங் கோர்ட்டுக்கு ஒரு மாணவியைக் கேலிக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். செய்தி பரவியதும் ஊர்மக்கள் அவர் பக்கம் திரண்டார்கள். உள்ளூர்க் கடைக்காரர்கள் உடைக்கும் சிகை அலங்காரத்துக்கும் தாங்களே பொறுப்பேற்றார்கள். விளையாட்டு இடைவேளையில் அவர் மைதானத்தில் நடந்து வந்தபோது பார்வையாளர்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் இதைக் காட்டி உங்கள் மகளை நிற்கச் சொல்லாதீர்கள். அந்தப் பெண் தானாக முடிவுசெய்து நடந்தார். ஊரும் துணை நின்றது. ஊர் துணை நிற்குமா என்று சோதித்துப் பார்ப்பதற்கு நம் பிள்ளையை அனுப்ப முடியாது.

முடிவு அவளுடையதாக இருக்கட்டும். அவள் விலக விரும்பினால், ஆலோசக ஆசிரியருக்கும் பிரின்சிபலுக்கும் மின்னஞ்சலில் இரண்டே வரி எழுதுங்கள்: பெயரை நீக்க வேண்டும், காரணம் அறிவிக்கப்படக் கூடாது. பட்டியலில் இடைவெளி தெரியாதபடி அடுத்த இடத்தில் உள்ளவரைச் சேர்க்கும் பொறுப்பு பள்ளியுடையது. அவள் நிற்க விரும்பினால், மேடையில் அவளோடு யார் இருப்பார்கள், கூட்டத்தில் கேலி எழுந்தால் யார் தடுப்பார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். எந்த முடிவானாலும், நடந்ததைக் கொடுமைப்படுத்தல் புகாராகத் தனியே பதிவுசெய்யுங்கள். பெயரை நீக்கியதோடு விஷயம் முடிந்தது என்று பள்ளி சொல்ல விடாதீர்கள்.

முன்மொழிவுக்கும் பட்டியலுக்கும் நடுவே ஓர் ஆசிரியர் உங்கள் மகளோடு ஐந்து நிமிடம் பேசியிருந்தால் இது நடந்திருக்காது. அடுத்த ஆண்டு சம்மதச் சீட்டு இல்லாமல் தேர்தல் நடத்தக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். உங்களுக்குத் துணையாகப் பேச நான்கு பெற்றோர் கட்டாயம் இருப்பார்கள். மகள் எப்படி இருக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ராஜா, ராணி என்று இனி இல்லையாம், அதிக வாக்குப் பெறும் இருவர் யாராக இருந்தாலும் கிரீடம் என்று என் மகனின் பள்ளி அறிவித்திருக்கிறது. காலங்காலமாக இருந்த வழக்கத்தை ஏன் மாற்ற வேண்டும்?
— ஒரு தந்தை, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: வழக்கம் மாறும்போது வருத்தப்படுவது இயல்பு, ஐயா. ஆனால் இந்த மாற்றத்துக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1980இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஆரன் ஃபிரிக் என்ற மாணவர், தன் ஆண் நண்பரோடு ப்ராமுக்குப் போக அனுமதி கேட்டார். பள்ளி மறுத்தது, கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முப்பது ஆண்டு கழித்து, 2010இல், மிசிசிப்பியில் கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன் என்ற மாணவி தன் தோழியோடு, கோட்டும் சூட்டும் அணிந்து வரக் கேட்டபோது, கல்வி மாவட்டம் ப்ராமையே ரத்துசெய்தது. வழக்கின் முடிவில் 35,000 டாலர் கொடுத்து, பாகுபாடு காட்டாத கொள்கையையும் ஏற்க நேர்ந்தது. யாருடைய பிள்ளையும் வாசலில் நிறுத்தப்படக் கூடாது என்பதை நீதிமன்றங்கள் சொல்லி வந்த காலத்தில், பள்ளிகள் மேடையையும் மாற்றத் தொடங்கின.

நடைமுறையிலும் இதில் ஒரு வசதி இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆண் பட்டியல், பெண் பட்டியல் என்று பிரிக்கும்போது எந்தப் பட்டியலிலும் தன்னைக் காணாத பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். ஒரே பட்டியலாக்கினால் அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து ‘உன்னை எங்கே போடுவது?’ என்று கேட்கவேண்டியிருக்காது. உங்கள் மகன் வெல்வதற்கான வாய்ப்பு இதனால் குறையவில்லை. அவன் பையன்களோடும் பெண்களோடும் சேர்ந்தே போட்டியிடுகிறான், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இந்தியப் பிள்ளைகள் கணிசமாக இருந்தும் கோர்ட்டில் ஒருவர்கூட வந்ததில்லை. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கும்படி கேட்கலாமா?
— ஒரு தந்தை, அட்லாண்டா புறநகர், ஜார்ஜியா

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, நீங்கள் கேட்கும் தீர்வு சரியானது அன்று. இனவாரியாக இடம் பிரித்தால் அது எங்கே கொண்டுவிடும் என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது. மிசிசிப்பியின் நெட்டில்டன் ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளி, மாணவர் மன்றப் பதவிகளை இனப்படி பங்கிட்டு வந்தது. வகுப்புத் தலைவர் பதவி வெள்ளை மாணவர்களுக்கு மட்டுமே. 2010இல் கலப்பினக் குழந்தைகளின் தாய் ஒருவர், தன் பிள்ளைகள் எந்தக் கட்டத்தில் வருவார்கள் என்று கேள்வி எழுப்பியபிறகே அந்த முறை கைவிடப்பட்டது. அதே மாநிலத்தில் சார்ல்ஸ்டன் ஊரின் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, கறுப்பினத்தவருக்கு ஒன்று, வெள்ளையருக்கு ஒன்று என 2008 வரை தனித்தனி ப்ராம்கள் நடந்தன. நடிகர் மார்கன் ஃப்ரீமன் செலவை ஏற்பதாகச் சொன்னபிறகுதான் எல்லோருக்கும் பொதுவான ப்ராம் நடந்தது. உங்கள் ஜார்ஜியாவிலேயே வில்காக்ஸ் கவுண்டியில் 2013இல் மாணவர்களே பணம் திரட்டிப் பொது ப்ராம் நடத்தினார்கள். அந்த ஊர்கள் விட்டு வெளியே வந்த வழியில் நாம் திரும்பப் போக வேண்டாம்.

அதற்குப் பதில் எண்ணும் முறையை மாற்றக் கேளுங்கள். கணித ஆசிரியை என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 200 பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி இசைக்குழுவைச் சேர்ந்த மூவரும் ஒரு கால்பந்து வீரரும் போட்டியிடுகிறார்கள். இசைக்குழுவை விரும்புகிறவர்கள் 120 பேர். அவர்கள் வாக்குகள் 44, 40, 36 என மூவருக்கும் பிரிகின்றன. கால்பந்து வீரர் 80 பெற்று வெல்கிறார். ஐந்தில் மூன்று பங்குப் பேர் வேறொருவரை விரும்பியும் கிரீடம் அவருக்கே போகிறது. இப்போது ஒவ்வொருவரும் ஒரு பெயருக்குப் பதில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தினால், 36 பெற்றவர் முதலில் விலக, அவருடைய வாக்குகள் 20, 16 என மற்ற இருவருக்கும் சேர்ந்து 64, 56 ஆகின்றன. 56 பெற்றவரும் விலக, அவருடையவை 64 பெற்றவருக்குச் சேர்ந்து 120 ஆகின்றன. முடிவு தலைகீழாகிறது.

உங்கள் பள்ளியிலும் இதுவே நடக்கக்கூடும். நம் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் முன்மொழியப்பட்டு, வாக்குகள் சிதறி, ஒருவரும் உள்ளே வராமல் போகலாம். இந்த முறை கடினம் என்று பள்ளி தயங்கினால் இன்னும் எளிய வழி உண்டு: பிடித்த பெயர்கள் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் குறியிடலாம் என்று விட்டுவிட்டால் போதும். எண்ணுவதும் சுலபம், நண்பர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மற்றவரைக் கைவிட்ட உறுத்தலும் பிள்ளைகளுக்கு இராது.

கேள்வி: நுழைவுச்சீட்டு வாங்கியவர், நல்ல மதிப்பெண் பெற்றவர் ஆகியோர் மட்டுமே கோர்ட்டுக்குப் போட்டியிடலாம் என்று எங்கள் குழு முடிவெடுத்திருக்கிறது. சரியா?
— தன்னார்வலர், செயின்ட் லூயிஸ், மிசூரி

பதில்: நுழைவுச்சீட்டு நிபந்தனை வேண்டாம். அது காசுள்ள பிள்ளைக்கு மட்டும் கிரீடம் என்று சொல்வதற்குச் சமம். தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் சீட்டு இல்லையென்றால் வகுப்பு நிதியிலிருந்து ஒன்றைக் கொடுங்கள், யாருக்குக் கொடுத்தோம் என்பதைச் சொல்லாமல். மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கை பற்றிய தகுதி வைப்பது பள்ளியின் உரிமை. ஆனால் அதைப் பார்க்கும் வேலை தன்னார்வலருக்கும் மாணவருக்கும் உரியது அன்று. மாணவரின் கல்விப் பதிவுகள் 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன. பெயர்ப்பட்டியலைப் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள்; அவர்கள் பார்த்துவிட்டுத் தகுதியுள்ள பெயர்களை மட்டும் திருப்பித் தரட்டும். நீக்கப்பட்டவர் யார், ஏன் என்று நீங்கள் கேட்கவும் கூடாது.

கேள்வி: யார் எத்தனை வாக்குப் பெற்றார் என்று அறிவிக்க வேண்டுமா? வெளிப்படைத் தன்மை என்கிறார்கள் சிலர்.
— ஒரு மாணவி, பெல்வியூ, வாஷிங்டன்

பதில்: வேண்டாம், மகளே. வெளிப்படையாக இருக்க வேண்டியது முறைதான். யார் எண்ணினார்கள், எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு நான்கு வாக்குதான் விழுந்தது என்பதை வேறு யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எண்ணிக்கைத் தாளை உறையிலிட்டு ஒட்டிப் பிரின்சிபலிடம் கொடுத்துவிடுங்கள். முறையான புகார் வந்தால் மட்டும் அவர் திறக்கட்டும்.

கேள்வி: சென்ற ஆண்டு என் அக்கா ப்ராம் கோர்ட்டில் தேர்வானாள். ஒலிபெருக்கியில் அவள் பெயரை மூன்று முறை தப்பாகச் சொல்லி, கடைசியில் அறிவிப்பாளர் சிரித்துவிட்டார். கூட்டமும் சிரித்தது. இந்த ஆண்டு நான் குழுவில் இருக்கிறேன். இது மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?
— ஒரு மாணவி, சிகாகோ புறநகர், இல்லினாய்

பதில்: உன் அக்காவுக்கு நடந்ததைக் கேட்டு மனம் வருந்தினேன். நம் பெயர்களில் ழகரமும் நீண்ட உயிரெழுத்துகளும் வரும்போது ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் படிப்பவர் திணறுவது புரிகிறது. திணறுவார் என்று தெரிந்தும் அவரை ஒத்திகை இல்லாமல் மேடையேற்றியது ஏற்பாட்டாளர்களின் தவறு.

மேலே ஃபிரிஸ்கோ மாணவருக்குச் சொன்ன சம்மதச் சீட்டில் இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்: ‘உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?’ எழுதினால் மட்டும் போதாது. சம்மதம் சொல்ல வரும் ஒவ்வொருவரையும் கைபேசியில் தம் பெயரைத் தாமே இரண்டு முறை சொல்லிப் பதிவுசெய்யச் சொல். நம் பிள்ளைகளிடம் மட்டும் கேட்காதே, எல்லோரிடமும் கேள். போலந்து, வியட்நாம், நைஜீரியப் பெயர்களுக்கும் இதே கதிதான். ப்ராமுக்கு முந்தைய நாள் மாலை, அறிவிப்பாளரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பதிவையும் கேட்கவைத்து, அவரைத் திருப்பிச் சொல்லவை. நான் அவர் கையில் கொடுக்கும் அட்டையில் ஆங்கில எழுத்துக்கூட்டு இருக்காது. அவர் காதில் விழுந்தபடி அவரே தன் கையால் எழுதிக்கொண்ட அசைகள்தான் இருக்கும். ஒரு முறை ‘தமிழ்ச்செல்வி’ என்ற பெயருக்காக எங்கள் அறிவிப்பாளரான உடற்பயிற்சி ஆசிரியர் தன் அறையில் பதினைந்து தடவைக்கு மேல் சொல்லிப் பார்த்தார். அன்று இரவு அவர் அதைத் தெளிவாகச் சொன்னபோது, பின்வரிசையில் நின்ற அந்தப் பெண்ணின் தாய் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.